தானே அள்ளும் பெட்டியா, நாமே அள்ளும் தட்டா?

பொங்கோல் புதுசு | 9 மார்ச் 2025

சிங்கப்பூர் பொங்கோலில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஒரே பூனை. ஆண், ஒன்றரை வயது, கருத்தடை செய்தாயிற்று. மனைவி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறார். பூனை கழிக்கிற மண் பக்கமே போகக்கூடாது என்று மாமியார் ஊரிலிருந்து தினமும் போன் போடுகிறார். எனக்கு ஷிப்ட் வேலை. அந்த மண்ணைத் தானே அள்ளும் ஆட்டோமேட்டிக் பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் எல்லாத் தொல்லையும் தீரும் என்று தோன்றுகிறது. 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போடலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

சுக்கு அப்பா | 9 மார்ச் 2025, இரவு

போடாதீர்கள்.

நான் போட்டேன், 749 வெள்ளி. ஈசூனில் இருக்கிறேன், பூனை இரண்டு. சுக்கு ஆண், செம்பட்டை, ஐந்தரை கிலோ. மிளகு பெண், கறுப்பு, மூன்றரை கிலோ. திப்பிலி கிடையாது, வீவக வீட்டுக்கு இரண்டுதான் கணக்கு.

சாதாரண மண் தட்டு இருந்த காலத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை மண் அள்ளுவது. மூத்திரக் கட்டி எத்தனை, எலுமிச்சம்பழம் அளவா கோலிக்குண்டு அளவா என்று கண் தானாகப் பார்த்துவிடும். மெஷின் வந்ததும் அந்த வேலை போயிற்று. ஐந்து நாளைக்கு ஒருமுறை இழுப்பறையை இழுத்து, பையைக் கட்டி, குப்பைக் குழாயில் போடுவதோடு சரி.

போன நவம்பரில் தொடர்ந்து மூன்று இரவு ஷிப்ட். மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் சுக்கு குளியலறைக் கதவோரம் குந்தி முக்கிக்கொண்டிருக்கிறான். வயிற்றில் கை வைத்தேன், கடித்தான். அவன் கடிக்கிற பூனையே இல்லை. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். படிகமோ சளியோ முழுசாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு, அடைப்பை எடுத்தார்கள். மூன்று நாள் மருத்துவமனை, 2,100 வெள்ளி.

தட்டாக இருந்திருந்தால் முதல் நாளே கட்டி சிறுத்திருப்பது தெரிந்திருக்கும். மெஷின் மறைத்துவிட்டது. என் கட்சி அவ்வளவுதான்.

சுக்கு அப்பா | 10 மார்ச் 2025, காலை

நேற்று கோபத்தில் எழுதியதில் முழுகாமல் இருப்பவர் விஷயத்தை விட்டுவிட்டேன்.

உங்கள் மாமியார் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. பயம் பொய்யில்லை, கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்குக் கெடுதல். ஆனால் பூனை அதை வாழ்நாள் முழுக்கக் கழித்துக்கொண்டிருக்காது. முதல்முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம், பெரும்பாலும் அதோடு சரி. பெரும்பாலும் எலி, பறவை, பச்சை இறைச்சி தின்றால்தான் பூனைக்கே அது வரும். வீட்டை விட்டு வெளியே போகாமல் டின் சாப்பாடு தின்னும் பூனைக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. சரியாக வேகாத ஆட்டிறைச்சியும் கழுவாத கீரையும் உங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய கவலை.

சரி, அப்படியும் மனைவி அள்ள வேண்டாம், நீங்கள் அள்ளுங்கள். மெஷின் வாங்கினால் யாருமே அள்ள வேண்டாம்.

சுக்கு அப்பா | 10 மார்ச் 2025, மதியம்

திருத்தம். கடைசி வரி தப்பு, தூங்கி எழுந்ததும் உறைத்தது.

பூனை கழித்த உடனே அந்த ஒட்டுண்ணி தொற்றாது. வெளியே கிடந்து முற்ற ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளிக் கட்டிப் போட்டுவிட்டால் முற்றுவதற்குள் வீட்டை விட்டே போய்விடுகிறது. மெஷின் என்ன செய்கிறது? அள்ளி, கீழே இழுப்பறையில் ஐந்து நாள் ஏழு நாள் பத்திரமாக வைத்திருக்கிறது. வாரக் கடைசியில் அதைத் திறப்பவர் முகத்துக்கு நேரே முற்றினது நிற்கும். அதனால் மெஷின் இருந்தாலும் இழுப்பறையைத் தொடுவது நீங்கள்தான், கையுறையோடு. மெஷின்தானே என்று அந்த வேலை மனைவி கைக்கு நழுவிவிட வேண்டாம். மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள், இரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

சுக்கு அப்பா | 13 மார்ச் 2025

"எந்த மெஷின், எவ்வளவு?" என்று கீழே நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்காதே என்று எழுதின இடத்தில் கடை விலாசம் கேட்கிற ஆட்கள் நாம். பெயர் சொல்லப்போவதில்லை, வகையைச் சொல்கிறேன்.

சீப்பு வகை: தட்டின் மேலே ஒரு வாரி நகர்ந்து கட்டியை ஓரத்துக்குத் தள்ளும். விலை குறைவு, ஈரக்கட்டி சீப்பில் ஒட்டிக்கொள்ளும். உருளை வகை: பூனை போனபின் உருண்டை சுற்றும், சல்லடை வழியாக மண் நழுவும், கட்டி மட்டும் இழுப்பறையில் விழும். இப்போது எல்லாரும் பேசுவது இதைத்தான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க எடை உணரியும் வாசலில் அகச்சிவப்புக் கண்ணும் இருக்கும்.

எனக்குச் சோறு போடுவது கன்வேயர் பராமரிப்பு. ஓடுகிற பெல்ட், அதைக் காவல் காக்கிற கண், இவைதான் என் நாள் முழுக்க. எங்கள் தொழிலில் கண் வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கண் கெட்டுப்போனால் பெல்ட் நிற்குமா ஓடுமா என்பதுதான் கேள்வி. மெஷின் வாங்கப் போகிறவரும் அதையே கேட்க வேண்டும்.

முதலில் இணையத்தில் 219 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். வெளிக்கூட்டில் ஒரு ஓட்டை, உள் உருளையில் ஒரு ஓட்டை. சுற்றும்போது ஒன்றின் விளிம்பு மற்றதைத் தாண்டிப் போகும். பூனை நடுவில் தலையை நீட்டினால் கழுத்து அந்த இடுக்கில். பூனையை விட்டுப் பார்க்க மனசு வரவில்லை. தேக்கா சந்தையில் ஒரு சுரைக்காய் வாங்கிவந்து சுற்றும்போது வாசலில் நீட்டினேன். நிற்கவில்லை. சுரைக்காயில் அரை அங்குலம் பள்ளம். கண்ணில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு இன்னொரு தடவை. அப்போதும் ஓடியது, அதாவது கண் குருடானால் வழி காலி என்று நினைத்துக்கொள்கிற மெஷின். மறுநாளே திருப்பி அனுப்பினேன். அந்தச் சுரைக்காயைக் கூட்டு வைக்க அம்மா மறுத்துவிட்டார். தோலைச் சீவிவிட்டால் போதாதா என்று கேட்டதற்குத் திட்டு.

இரண்டாவது, அந்த 749. முன்பக்கம் மட்டும் திறந்த உருண்டை. சுரைக்காய் நீட்டினால் நிற்கிறது, டேப் ஒட்டினால் கிளம்பவே மறுக்கிறது. வாங்குகிறவர் யாராக இருந்தாலும் பூனைக்கு முன்னால் காயை அனுப்புங்கள். குட்டிக்கு இன்னொரு எச்சரிக்கை: ஒன்றரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை உணரிக்கு அது தெரியாமலே போகலாம். அந்த எடை வரும்வரை சுவிட்சை அணைத்து வைத்து, சுற்றுவதை நாமே பக்கத்தில் நின்று செய்ய வேண்டும்.

சுக்கு அப்பா | 14 மார்ச் 2025

சோதிக்கப் புது சுரைக்காயா என்று கேட்டவருக்கு: ஆமாம், புதுசுதான். பீர்க்கங்காய் வேண்டாம், சீக்கிரம் உடையும்.

சுக்கு அப்பா | 22 மார்ச் 2025

மண் பற்றி. நம் ஊர் ஈரத்துக்கு இதைத் தனியாகப் பேச வேண்டும்.

1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவர் எண்ணெய் உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கொடுத்தார். அதுவரை சாம்பல், மணல், மரத்தூள்தான். இறுகிக் கட்டியாகும் பெண்டோனைட் களிமண் 1980களில் வந்தது. அந்தக் கட்டி இல்லாமல் சல்லடையால் பிரிக்க ஒன்றும் இல்லை, உருளை மெஷினும் இல்லை. அதனால்தான் பைன் மரக் குருணை மெஷினுக்கு ஒத்துவராது. அது கட்டியாகாது, தூளாக உதிரும். சாதாரணத் தட்டுக்கு நல்லது, மலிவு, ஈரம் பட்டால் தச்சுப்பட்டறை வாசம்.

தோஃபு மண்ணை எல்லாரும் புகழ்கிறார்கள். சோயா சக்கை, லேசானது, தூசி இல்லை. நானும் வாங்கினேன். மழைக்காலத்தில் சர்வீஸ் யார்டில் (துணி துவைக்கும் பின்கட்டு) திறந்து வைத்த பை பத்து நாளில் பூஞ்சை பிடித்து, மூலையில் எறும்புச் சாரி. காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் தப்பிக்கலாம். பொட்டலத்தில் கழிப்பறையில் கொட்டலாம் என்று எழுதியிருந்தாலும் கொட்டாதீர்கள். ஊறி எவ்வளவு உப்பும் என்று ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

மெஷினில் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. பூனை இறங்கி எத்தனை நிமிடம் கழித்துச் சுற்ற வேண்டும் என்பது. வாசம் உடனே போகட்டும் என்று மூன்று நிமிடம் வைத்தேன். கட்டி இறுகுவதற்குள் சுற்றி, உருண்டையின் உள்சுவரில் அடைமாவு மாதிரி அப்பிக்கொண்டது. பதினைந்து நிமிடம் ஆக்கினேன், சரியாயிற்று.

அந்த மாவைக் கழுவினேனே, அதுதான் கதை. உருண்டை எங்கள் குளியலறைக் குழாயடியில் நுழையவில்லை. தரையில் உருட்டிப்போட்டு ஹோஸ் பிடித்தேன். பெண்டோனைட் தண்ணீரில் பல மடங்கு உப்பும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று வரிக்கு மேலே உங்களுக்குத் தோஃபு பாடம் எடுத்தேன். தரைச் சாக்கடை அடைத்து, பிளம்பர் வந்து, 100 வெள்ளி வாங்கிக்கொண்டு "பூனையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். முதலில் காய்ந்த துணியால் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

சுக்கு அப்பா | 2 ஏப்ரல் 2025

மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டவருக்கு: கணக்கில் வராது. எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. அம்மா இரவு ஒன்பதானால் வீடு முழுக்க நடந்து எல்லா சுவிட்சையும் அணைப்பார். மெஷினையும்தான். அவருக்கு அது வாஷிங் மெஷினுக்குத் தம்பி. இரண்டு நாள் நாங்கள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மிளகு என் சீருடை மேல் போய்விட்டாள். அழுக்கு மண்ணில் கால் வைக்காத பூனை என்ன செய்யும்? அவள் மேல் தப்பில்லை.

அதனால் மெஷின் இருந்தாலும் பக்கத்தில் ஒரு சாதாரணத் தட்டு கட்டாயம். பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை தட்டு என்பது பழைய விதி. நாலறை வீட்டில் எங்கே மூன்று வைப்பது என்று கேட்காதீர்கள், எனக்கு இரண்டு வைக்கவே நாக்குத் தள்ளுகிறது. ஒருமுறை ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறை) வைத்தேன். அந்த இரும்புக் கதவு ஒரு விரற்கடை சாத்திக்கொண்டாலும் பூனை வெளியே, மணம் உள்ளே.

தெம்பனிஸ் வாத்தியார் | 11 ஏப்ரல் 2025

அண்ணே, ஒரு கேள்வி. உங்கள் 749 வெள்ளி வகையில் ஒவ்வொரு வருகையும் ஆப்பில் எடையோடு பதிவாகும். என் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதே அதில் எடை குறைந்துகொண்டு வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. நவம்பரில் உங்கள் ஆப் ஒன்றும் சொல்லவில்லையா? மெஷின் மறைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

சுக்கு அப்பா | 11 ஏப்ரல் 2025

சொல்லவில்லை.

சுக்கு அப்பா | 19 ஏப்ரல் 2025

வாத்தியார் கேட்டதை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இன்று ஓய்வு நாள். ஆப்பைத் திறந்து நவம்பருக்குப் போனேன்.

முதல் இரவு, ஐந்தரை கிலோ: 3 தடவை. இரண்டாம் இரவு: 11. மூன்றாம் இரவு: 17. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒரு பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நாலு தடவை மூத்திரம் போகும். பதினேழு தடவை போனவன் ஒன்றும் போகவில்லை, முக்கிவிட்டு இறங்கியிருக்கிறான். இரண்டாம் இரவு 2.14க்கு அடிக்கடி வருகிறது என்று எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறது.

அது என் போனுக்கு வந்தது. எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. பெல்ட் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு கண் திடீரென்று அளவுக்கு மீறி எண்ண ஆரம்பித்தால், கண்ணாடியில் தூசி. துடைத்தால் சரியாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அப்படித்தான். வீட்டுக்குப் போய்த் துடைக்கலாம் என்று நினைத்து எச்சரிக்கையைத் தள்ளினேன். காலையில் வந்து, நிஜமாகவே ஒரு ஈரத்துணி எடுத்து மெஷினின் கண்ணைத் துடைத்துவிட்டுப் படுத்தேன். சுக்கு அப்போது சோபாவுக்கு அடியில் இருந்தான். அன்று இரவும் தொந்தரவாக இருந்ததால் அந்த எச்சரிக்கையையே அணைத்துவிட்டேன். அணைத்தது அணைத்தபடியே இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மெஷின் மறைக்கவில்லை. 9 மார்ச் குறிப்பை அழிக்கமாட்டேன், கிடக்கட்டும். அதைப் படிப்பவர் இதையும் படிக்கட்டும்.

சுக்கு அப்பா | 20 ஏப்ரல் 2025

"அப்படியானால் மெஷின்தான் நல்லது என்கிறீர்களா?" இல்லை. பதினேழு என்று ஓர் எண் வந்தபோது நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன். தட்டில் ஒரே ஒரு கோலிக்குண்டு கட்டி கிடந்திருந்தால் பூனையைச் சந்தேகப்பட்டிருப்பேன். இன்னொருவருக்கு இது தலைகீழாக இருக்கலாம், வாத்தியாருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. மெஷின் வைத்திருக்கும் ஆண் பூனைக்காரர்கள் ஒன்று செய்யுங்கள்: அந்த எச்சரிக்கையை மட்டும் அணைக்காதீர்கள். மற்ற எல்லாச் சத்தத்தையும் அணையுங்கள், இழுப்பறை நிறைந்தது, மண் குறைந்தது, புது நிறம் வந்திருக்கிறது, எல்லாவற்றையும்.

சுக்கு அப்பா | 4 மே 2025

இழை எங்கேயோ போய்விட்டது. யாரோ பூனை லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2024 செப்டம்பர் 1இலிருந்து வீவக வீட்டில் பூனை சட்டப்படி வளர்க்கலாம். மைக்ரோசிப் போட்டு லைசென்ஸ் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்கு முன்னால் 1989இலிருந்து தடை. அந்தக் காலத்தில் பத்து கிலோ மண் மூட்டையைக் கறுப்புப் பையில் சுற்றி மின்தூக்கியில் ஏறுவேன். பக்கத்து வீட்டு மாமா "மறுபடியும் சிமெண்டா?" என்பார். வீட்டில் என்னதான் கட்டுகிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தடை நீங்கின வாரம் தன் வீட்டுக் கதவைத் திறந்து மூன்று பூனைகளைக் காட்டினார்.

பொங்கோல் புதுசு | 15 ஜூன் 2025

அண்ணே, மெஷின் வாங்கவில்லை. மூடியில்லாத பெரிய தட்டு, பெண்டோனைட், காலை மாலை நான் அள்ளுகிறேன். மனைவிக்கு ஆறு மாதம் முடிந்தது, பரிசோதனை எல்லாம் சரி. ஆனால் நான் அள்ளி முடித்த உடனே, அங்கே நிற்கும்போதே பூனை வந்து போகிறது. ஏன்? தட்டு எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்?

சுக்கு அப்பா | 16 ஜூன் 2025

புது வேட்டியில் குழந்தை போவதில்லையா, அது மாதிரிதான். பயப்பட ஒன்றுமில்லை. கட்டி வருகிறதல்லவா, அதைப் பாருங்கள்.

தட்டு: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம். கடையில் பூனைத் தட்டு என்று விற்பதில் பாதி அந்த அளவுக்கு வராது. துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டின விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். மண் நாலு விரற்கடை ஆழம். மூடி வேண்டாம்: மணத்தை நமக்கு மறைத்து பூனையோடு உள்ளேயே பூட்டுகிற வேலை அது. மனைவி மூன்று அடி தள்ளியே நிற்கட்டும், தூசிக்காகவும்.

சுக்கு அப்பா | 17 ஆகஸ்ட் 2025

மெஷினை விற்கிறேனா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. மிளகுக்கு அது பிடிக்கும், பகலில் ஓடுகிறது. ஒன்பது மணிக்கு அம்மா அணைக்கிறார், இப்போது அணைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதிலிருந்து விடிகிறவரை இரண்டு பேரும் தட்டுக்குத்தான் போக வேண்டும், விடியற்காலை அதை அள்ளுவது அம்மா. நான் கேட்கவில்லை, மருத்துவமனையிலிருந்து சுக்கு திரும்பிய வாரமே கரண்டியை எடுத்துக்கொண்டார்.

எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மிளகு மூடிவிட்டுப் போவாளாம், சுக்கு சோம்பேறி, திறந்தே போட்டுவிட்டுப் போவானாம். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில், ராகுகாலத்துக்குக் கீழே பென்சிலால் எழுதி வைக்கிறார். இன்று கிழிக்கப்போன தாளில் இருந்தது: சு 2, மி 1, பால் வரவில்லை.